கழுத்தில் நோய், தலையில் காரணம்: பிட்யூட்டரி வழித் தைராய்டுக் குறைவின் வரலாறு

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழலை ஒட்டி அமைந்துள்ள தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்காவிட்டால் உடல் மந்தப்படும் என்பது இன்று பள்ளிப் பாடநூல்களிலேயே இடம்பெறும் செய்தியாகும். ஆனால் அந்தச் சுரப்பியில் எந்தக் கோளாறும் இல்லாதபோதே, அதைத் தூண்டி வேலை வாங்கும் பிட்யூட்டரி சுரப்பி சிதைந்துவிட்டால் தைராய்டும் சேர்ந்து ஓய்ந்துவிடும் என்ற உண்மையை மருத்துவ உலகம் முழுமையாக ஏற்றுக்கொள்வதற்கு, தைராய்டுக் குறைவு முதன்முதலில் விவரிக்கப்பட்ட காலத்திலிருந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன. இந்த நிலையை மருத்துவர்கள் இரண்டாம்நிலைத் தைராய்டுக் குறைவு என்றும் மையவழித் தைராய்டுக் குறைவு என்றும் அழைக்கின்றனர். மக்கள்தொகையில் 20,000 முதல் 80,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் மட்டுமே காணப்படும் அரிய நோய் இது. எனினும் நாளமில்லாச் சுரப்பிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் முறையைப் பற்றி மருத்துவம் இன்று அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி இந்த அரிய நோயின் வழியாகவும் அதை விளக்க முயன்றவர்களின் வழியாகவும் கிடைத்ததே. அவ்வாறு கிடைத்த அறிவிலிருந்து பிறந்த இரத்தப் பரிசோதனையே பிற்காலத்தில் அந்த நோயை மருத்துவர்களின் கண்ணிலிருந்து மறைக்கவும் செய்தது என்பது இவ்வரலாற்றில் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது.

மூளையின் அடிப்பகுதியில், துருக்கிச் சேணம் எனப்படும் எலும்புக் குழிக்குள், பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரியின் எடை அரை கிராமைச் சற்றே தாண்டும். அதன் முன்மடல் இரத்தத்தில் விடும் பல ஹார்மோன்களுள் ஒன்று தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் ஆகும். இத்தூண்டி தைராய்டை அடைந்ததும் அச்சுரப்பி அயோடினைக் கவர்ந்து, நான்கு அயோடின் அணுக்களைக் கொண்ட தைராக்சினையும் மூன்று அணுக்களைக் கொண்ட டிரைஅயோடோதைரோனினையும் உண்டாக்கி வெளியிடுகிறது. இரத்தத்தில் இவ்விரண்டின் அளவு உயர்ந்தால் பிட்யூட்டரி தன் தூண்டியைக் குறைத்துக்கொள்ளும், தாழ்ந்தால் பெருக்கும். இதற்கும் மேலாக, மூளையின் ஹைபோதலாமஸ் என்னும் பகுதி பிட்யூட்டரியைத் தூண்டும் வேறொரு சிறு ஹார்மோனை அனுப்புகிறது. எனவே தைராய்டே பழுதுபட்டால் தூண்டியின் அளவு இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். பிட்யூட்டரியோ ஹைபோதலாமஸோ பழுதுபட்டால் தைராக்சின் தாழ்ந்திருந்தும் தூண்டி ஏறாமல் நின்றுவிடும். இந்த எளிய வேறுபாட்டில்தான் நோயறிதல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தைராய்டுக் குறைவின் மருத்துவ வரலாறு இலண்டனில் தொடங்குகிறது என்று கொள்வது தவறாகாது. 1873-ஆம் ஆண்டில் வில்லியம் கல் என்னும் மருத்துவர், நடுவயதுப் பெண்கள் சிலரின் முகம் உப்பி, தோல் தடித்து, நாக்குப் பெருத்து, பேச்சும் எண்ணமும் மந்தமாகும் நிலையை இலண்டன் கிளினிக்கல் சொசைட்டியின் முன் விவரித்தார். சில ஆண்டுகள் கழித்து வில்லியம் ஆர்டு இந்நிலைக்கு மிக்ஸிடிமா என்று பெயரிட்டார். சுவிட்சர்லாந்தில் கழுத்துக் கழலைக்காகத் தைராய்டை முழுவதும் அகற்றிய ரெவர்டன், கோக்கர் ஆகிய அறுவை மருத்துவர்கள், தங்கள் நோயாளிகள் பின்னர் இதே மந்தநிலைக்கு ஆளானதை 1882-லும் 1883-லும் தெரிவித்தனர். இச்செய்திகளையெல்லாம் ஆராய்வதற்காக இலண்டன் சொசைட்டி அமைத்த குழு 1888-இல் வெளியிட்ட பேரறிக்கை, மிக்ஸிடிமாவுக்குத் தைராய்டின் இழப்பே காரணம் என்று உறுதிசெய்தது. 1891-இல் நியூகாசில் நகரின் ஜார்ஜ் மரே, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். நோய் முற்றிய நிலையில் இருந்த அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919-இல் மறைந்தார். அதற்குள் அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டுகள் பயன்பட்டிருந்தன என்று மரே பின்னர் எழுதினார். இல்லாத சுரப்பிக்கு ஈடாக அதன் சாற்றைக் கொடுத்தால் நோய் தீரும் என்னும் இவ்வெற்றி மருத்துவ வரலாற்றின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று. ஆயினும் மந்தநிலை என்றாலே தைராய்டின் அழிவு என்ற எண்ணத்தை அது அடுத்த அரை நூற்றாண்டுக்கு மருத்துவர்களின் உள்ளத்தில் ஆழமாக ஊன்றிவிட்டது.

கல் 1873-இல் இன்னொரு நோயையும் அதே சொசைட்டியில் விவரித்திருந்தார். இளம்பெண்கள் உணவைத் தவிர்த்து எலும்பும் தோலுமாக மெலியும் அனரெக்சியா நெர்வோசா என்னும் மனவழி நோயே அது. 1874-இல் வெளிவந்த சொசைட்டி வெளியீட்டின் ஒரே தொகுதியில் இவ்விரு கட்டுரைகளும் இடம்பெற்றன. ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக அப்போது தோன்றிய இவ்விரண்டும் 1930-களில் பிட்யூட்டரி நோயைப் பற்றிய பெருங்குழப்பத்தில் ஒன்றாக வந்து சிக்கிக்கொள்ளும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

பிட்யூட்டரிக்கும் தைராய்டுக்கும் உறவு உண்டு என்பதற்கான முதல் தடயம் 1889-லேயே கிடைத்தது. முயல்களின் தைராய்டை அகற்றினால் அவற்றின் பிட்யூட்டரி பெருக்கிறது என்பதை ரகோவிச் என்னும் ஆய்வாளர் கண்டறிந்தார். ஆனால் தைராய்டின் வேலையைப் பிட்யூட்டரி தானே ஏற்றுக்கொள்ள முயல்வதால்தான் அது பெருக்கிறது என்று அக்காலத்தவர் பொருள் கொண்டனர். பின்னூட்டம் என்னும் கருத்து இன்னும் பிறவாத காலத்தில் இதைத் தவிர வேறு விளக்கம் தோன்றாததில் வியப்பில்லை. தைராக்சின் குறைந்ததும் பிட்யூட்டரி தன் தூண்டியை இடைவிடாது பெருக்கிக்கொண்டே போகிறது என்ற சரியான விளக்கத்துக்குத் தவளைக் குஞ்சுகள் வழிகாட்ட வேண்டியிருந்தது.

தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தால் அவை உரிய காலத்துக்கு முன்பே வால் இழந்து, கால் முளைத்துக் குட்டித் தவளைகளாக மாறிவிடுகின்றன என்று குடர்நாட்ச் என்னும் ஆய்வாளர் 1912-இல் காட்டியிருந்தார். உருமாற்றத்தைத் தைராய்டே நடத்துகிறது என்று இதனால் தெளிவாகியது. 1916-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிலிப் ஸ்மித்தும் கான்சாஸில் பென்னட் ஆலனும், ஒருவரையொருவர் சாராமல், இன்னும் உருப்பெறாத தவளைக் கருக்களிலிருந்து பிட்யூட்டரியின் முளையை மட்டும் வெட்டி அகற்றினர். ஒரு சில மில்லிமீட்டர் நீளமே உள்ள கருவின் தலைப்பகுதியில், வருங்கால மூளையைத் தொடாமல், ஊசி முனையளவு திசுவைக் கிள்ளியெடுக்கும் அந்தச் செயலில் கை சற்றே தவறினாலும் கரு அழிந்துவிடும். பிழைத்த கருக்கள் தலைப்பிரட்டைகளாக வளர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது அவற்றின் நிறமே. கருமையாக இருக்க வேண்டியவை, தோலின் நிறமிகள் சுருங்கிப்போனதால், வெள்ளி போல் வெளிறியிருந்தன. அவை தொடர்ந்து நீந்தின, தின்றன. ஆனால் அவற்றுக்குக் கால் முளைக்கவில்லை, வாலும் உதிரவில்லை. அவற்றை அறுத்துப் பார்த்தபோது தைராய்டு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது, ஆனால் சூம்பிக் கிடந்தது. 1922-இல் ஸ்மித்தும் ஐரீன் ஸ்மித்தும் மாட்டின் பிட்யூட்டரி முன்மடலை இத்தகைய தலைப்பிரட்டைகளுக்குச் செலுத்தியபோது சூம்பிய தைராய்டு மீண்டும் உயிர்பெற்றது. நின்றுபோன உருமாற்றமும் தொடங்கியது. தைராய்டு இருந்தால் மட்டும் போதாது, அதை வேலை செய்ய வைக்கும் ஒன்று தலைக்குள்ளிருந்து வர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பாலூட்டிகளில் இதை நிறுவுவது கடினமாக இருந்தது. நாய்களின் பிட்யூட்டரியை அகற்ற முயன்ற முந்தைய அறுவை மருத்துவர்கள் பலர் மூளையையும் சேர்த்துக் காயப்படுத்தியதால், விலங்கு இறந்தது பிட்யூட்டரி இல்லாததாலா, மூளைக் காயத்தாலா என்ற சர்ச்சை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஸ்மித் எலியின் கழுத்து வழியாகத் தொண்டையின் ஓரமாகச் சென்று, மண்டையோட்டின் அடியில் சிறு துளையிட்டு, மூளையைத் தொடாமல் பிட்யூட்டரியை மட்டும் உறிஞ்சியெடுக்கும் முறையை வகுத்தார். 1930-இல் அவர் வெளியிட்ட விரிவான ஆய்வின்படி, பிட்யூட்டரி நீக்கப்பட்ட எலிகளின் வளர்ச்சி நின்றது, இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கின, அட்ரினல் சுரப்பியின் புறணி தேய்ந்தது, தைராய்டும் சூம்பியது. பிட்யூட்டரித் திசுவை நாள்தோறும் உடலில் பதித்தபோது இவை அனைத்தும் பெருமளவு மீண்டன. இதற்கிடையே 1929-இல் அமெரிக்காவில் லியோ லோபும் பாசெட்டும், பிரான்சில் மாக்ஸ் ஆரோனும், பிட்யூட்டரி முன்மடலின் சாறு கினிப் பன்றிகளின் தைராய்டைத் தூண்டிப் பெருக்கச் செய்வதைத் தனித்தனியே காட்டியிருந்தனர். தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் என்று ஒன்று உண்டு என்பதில் அதன்பின் ஐயம் எழவில்லை.

ஆய்வகத்தில் இவ்வளவும் தெளிவான பிறகும் நோயாளியின் படுக்கையருகே தெளிவு பிறக்கவில்லை. இதற்குக் காரணம் ஒரு பிணக்கூறாய்வு அறிக்கையும் அதைப் படித்தவர்கள் அதற்குத் தந்த பொருளுமே ஆகும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நோயியல் மருத்துவராகப் பணியாற்றிய மோரிஸ் சிம்மண்ட்ஸ் 1914-இல் 46 வயதில் இறந்த ஒரு பெண்ணின் வரலாற்றை வெளியிட்டார். பதினொரு ஆண்டுகளுக்கு முன் பிரசவத்தை அடுத்துக் கடுமையான கருப்பைத் தொற்றுக்கு ஆளான அப்பெண்ணுக்கு அதன்பின் மாதவிலக்கு வரவே இல்லை. தளர்ச்சியும் தலைச்சுற்றலும் இரத்தசோகையும் தொடர, அகால முதுமை அடைந்து, இறுதியில் நினைவிழந்து மறைந்தார். அவருடைய பிட்யூட்டரி முன்மடல் நார்த்திசுவாகச் சுருங்கியிருந்தது. ஓராண்டுக்கு முன் போலந்தின் கிராக்கோவ் நகரில் கிளின்ஸ்கியும் பிரசவத்துக்குப் பின் நேர்ந்த பிட்யூட்டரிச் சிதைவைப் பதிவுசெய்திருந்தார் என்றாலும், நோய் சிம்மண்ட்ஸின் பெயரையே பெற்றது. சிம்மண்ட்ஸ் தம் எழுத்தில் உடல் நலிவைக் குறிப்பிட்டதைக் கொண்டு, பிட்யூட்டரி அழிந்தால் உடல் எலும்புக்கூடாக மெலியும் என்ற முடிவுக்குப் பலரும் வந்தனர். அடுத்த கால் நூற்றாண்டில், உணவை மறுத்து மெலிந்த இளம்பெண்கள் நூற்றுக்கணக்கானோர் சிம்மண்ட்ஸ் நோயாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டுப் பிட்யூட்டரிச் சாறு ஏற்றப்பட்டனர். கல் விவரித்த மனவழி நோய் இவ்வாறு பிட்யூட்டரியின் கணக்கில் எழுதப்பட்டது. மறுபுறம், உண்மையாகவே பிட்யூட்டரி அழிந்த பெண்கள் மெலியாமல், வெளிறி மந்தமாக இருந்ததால், தைராய்டுக் குறைவு என்றோ, இரத்தசோகை என்றோ, வெறும் சோர்வு என்றோ கருதப்பட்டு ஒதுக்கப்பட்டனர். ஒரே தவறு இரு வகைப் பெண்களையும் வதைத்தது. இந்தக் குழப்பத்தின் விலையை முழுக்க முழுக்கக் கொடுத்தவர்கள் பெண்களே.

இதை நேர்செய்தவர் ஹரால்டு ஷீகன். 1935-இல் கிளாஸ்கோ அரச மகப்பேறு மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்ற இந்த நோயியல் மருத்துவர், பிரசவத்தின்போதோ அதை அடுத்தோ இறந்த பெண்களின் உடல்களைத் தாமே கூறாய்ந்தார். வறுமையும் நெருக்கடியும் மிகுந்த கிளாஸ்கோவில், இரத்தம் ஏற்றும் வசதி அரிதாக இருந்த அந்நாட்களில், பிரசவ உதிரப்போக்கால் நேரும் மரணங்கள் குறைவாக இல்லை. 1937-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இப்பெண்களின் பிட்யூட்டரி முன்மடல் இரத்த ஓட்டமின்றி மடிந்திருந்ததையும், அதற்கு அடிப்படை தொற்று அன்று, நஞ்சுக்கொடி பிரியாமல் தங்கியதாலோ கருப்பை சுருங்காததாலோ நேர்ந்த பேருதிரப்போக்கும் இரத்த அழுத்த வீழ்ச்சியுமே என்பதையும் நிறுவியது. கருவுற்ற காலத்தில் பால் சுரப்பைத் தூண்டும் செல்கள் பெருகுவதால் பிட்யூட்டரி பெரிதாகிறது. ஆனால் அதற்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்களோ அழுத்தம் மிகக் குறைந்தவை. எனவே உடலின் இரத்த அழுத்தம் திடீரெனச் சரியும்போது முதலில் பட்டினி கிடப்பது அந்தப் பெருத்த சுரப்பியே. அடுத்த ஆண்டே அவரும் மர்டாக்கும், பெரும் உதிரப்போக்குக்கு ஆளாகியும் உயிர் பிழைத்த பெண்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தனர். சவக்கிடங்கில் கண்டதை உயிருள்ளவர்களிடம் தேடிய இந்த உழைப்பே ஷீகனின் பணியில் மிகச் சிறந்த பகுதி என்று கருதத் தோன்றுகிறது.

அப்பெண்களின் கதைகள் ஒன்றுபோலவே இருந்தன. குழந்தை பிறந்த பின் பால் சுரக்கவில்லை. மார்பு கட்டவும் இல்லை. பிரசவத்துக்காக மழிக்கப்பட்ட உடல் மயிர் மீண்டும் வளரவில்லை. மாதவிலக்கு திரும்பவில்லை. பிறகு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, குளிர் தாங்காமை, சோம்பல், நினைவு மங்கல், மலச்சிக்கல், தாழ்ந்த குரல் எனத் தைராய்டுக் குறைவின் அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மெலிவு மட்டும் பெரும்பாலும் வரவில்லை. 1949-இல் ஷீகனும் சம்மர்ஸும் இணைந்து எழுதிய நீண்ட கட்டுரை, சிம்மண்ட்ஸின் பெயரில் பதிவான நோயாளிகளைப் பரிசீலித்து, எலும்புக்கூடான மெலிவு பிட்யூட்டரி அழிவின் அடையாளம் அன்று என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. பிரசவ உதிரப்போக்கை அடுத்து வரும் பிட்யூட்டரிச் சிதைவு இன்று ஷீகன் நோய்க்குறித்தொகுதி என்றே வழங்குகிறது.

நோயாளியின் தோலைத் தொட்டுப் பார்த்தே இருவகைத் தைராய்டுக் குறைவையும் பிரித்தறிந்த காலம் அது. தைராய்டே பழுதான நோயாளியின் தோல் தடித்து, சொரசொரப்பாக, சற்று மஞ்சள் பூத்திருக்கும், முகம் உப்பும், இதயமும் பெருத்துக் காணப்படும். பிட்யூட்டரி பழுதான நோயாளியின் தோலோ மெல்லியதாக, மெழுகுபோல் வெளிறி, வாயோரங்களிலும் கண்ணோரங்களிலும் நுண்ணிய சுருக்கங்களோடு இருக்கும், வெயிலில் நின்றாலும் கருக்காது, அக்குளில் மயிர் இராது, இதயம் சிறுத்திருக்கும். 1940-இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஹோவர்டு மீன்ஸும் அவருடைய சகாக்களும், மிக்ஸிடிமா என்ற வேடத்தில் வரும் பிட்யூட்டரி நோயாளிகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர் சங்கத்தில் எடுத்துரைத்தபோது, இவ்வேறுபாட்டைக் காண்பது வெறும் புலமை சார்ந்த செய்தி அன்று, உயிர் சார்ந்த செய்தி என்பதை உணர்த்தினர். பிட்யூட்டரி அழிந்தவருக்குத் தைராய்டு மட்டுமின்றி அட்ரினல் சுரப்பியும் தூண்டலின்றி ஓய்ந்திருக்கும். உடலின் நெருக்கடிகளைத் தாங்கத் தேவையான கார்ட்டிசால் அவரிடம் மிகக் குறைவு. மந்தப்பட்ட உடலில் அந்தச் சொற்ப கார்ட்டிசாலே எப்படியோ போதுமானதாக இருக்கும். தைராய்டுத் தூளைக் கொடுத்து உடலின் வேகத்தைக் கூட்டினால் கார்ட்டிசாலின் தேவையும் கூடும், அது சிதையும் வேகமும் கூடும். சில நாட்களிலேயே வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் எனத் தொடங்கி மரணம்வரை செல்லக்கூடும். ஆர்வத்தோடு கொடுக்கப்பட்ட சரியான மருந்தே தவறான வரிசையில் கொடுக்கப்பட்டதால் உயிரைக் குடித்தது.

இதற்கு விடையாக வந்த மருந்தைக் கண்டவரும் தைராக்சினைப் பிரித்தெடுத்தவரும் ஒருவரே. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய வேதியியலாளர் எட்வர்டு கெண்டல் 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தைராக்சினைப் படிகமாகப் பெற்றார். 1930-களில் அட்ரினல் புறணியின் பக்கம் திரும்பி, பிற்காலத்தில் கார்ட்டிசோன் என்று பெயர்பெற்ற பொருளையும் பிரித்தெடுத்தார். 1948-இல் அது முடக்குவாத நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. 1950-இல் ஹென்ச், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் கெண்டலும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசு முடக்குவாதத்தில் கண்ட வெற்றியோடு பேசப்பட்டாலும், பிட்யூட்டரி அழிந்த நோயாளிகளைப் பொறுத்தவரை கெண்டலின் இரு கண்டுபிடிப்புகளும் சேர்ந்தே அவர்களுக்கு மறுவாழ்வு தந்தன. முதலில் கார்ட்டிசோன், அடுத்துத் தைராக்சின் என்னும் விதி அப்போதிலிருந்து மருத்துவப் பாடநூல்களில் நிலைபெற்றது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனையே ஊசியில் செலுத்தி, தைராய்டு விழித்து அயோடினைக் கவர்கிறதா என்று கதிரியக்க அயோடினால் அளந்து, பழுது எங்கே என்று அறியும் முறையை ஸ்டான்பரியும் கெரிடோவும் 1950-இல் வெளியிட்டனர். தவளைக் குஞ்சுகளில் ஸ்மித் செய்து பார்த்ததை மனிதரில் செய்த பரிசோதனை இது என்று சொன்னால் மிகையாகாது.

பிட்யூட்டரிக்கும் மேலான கட்டளை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைச் சுருக்கமாகவே குறிப்பிட்டால் போதும். 1930-இல் போப்பாவும் பீல்டிங்கும் ஹைபோதலாமஸையும் பிட்யூட்டரியையும் இணைக்கும் நுண்ணிய இரத்த நாளங்களைக் கண்டறிந்தனர். அவற்றின் வழியாக வேதிச் செய்திகள் இறங்குகின்றன என்று ஜெப்ரி ஹாரிஸ் வாதிட்டார். லட்சக்கணக்கான ஆடுகள், பன்றிகளின் மூளைத் துண்டுகளை அரைத்து வடித்து, 1969-இல் குயில்மனும் ஷாலியும் தனித்தனியே அச்செய்தியின் அமைப்பைக் கண்டனர். மூன்றே அமினோ அமிலங்களால் ஆன சிறு மூலக்கூறு அது. ஹைபோதலாமஸின் பழுதாலும் தைராய்டு ஓய்ந்துபோகலாம் என்பதை நோயாளிகளிடம் அதைக்கொண்டு 1971 அளவில் காட்ட முடிந்தது.

அதைவிட ஆழமான மாற்றத்தை ஓர் அளவீட்டு முறை கொண்டுவந்தது. 1960-ஐ ஒட்டி ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினுக்காக உருவாக்கிய கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீடு, இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் உள்ள ஹார்மோன்களையும் கணக்கிட வழிவகுத்தது. அதுவரை கினிப் பன்றிகளையும் சுண்டெலிகளையும் கொண்டே மதிப்பிடப்பட்டுவந்த தைராய்டுத் தூண்டியை யுட்டைகர், ஓடெல் ஆகியோர் 1960-களின் நடுவில் மனித இரத்தத்தில் நேரடியாக அளந்தனர். 1980-களில் அளவீடு மேலும் கூர்மையடைந்தது. தைராக்சின் பாதியாகக் குறைந்தால் தூண்டி ஏறத்தாழ நூறு மடங்கு உயரும் என்பதால், தைராய்டின் மிகச் சிறு தளர்ச்சியையும் இந்த ஒரே எண் காட்டிக்கொடுத்தது. எனவே உலகெங்கும் மருத்துவர்கள் முதலில் தூண்டியை மட்டும் அளந்து, அது இயல்பாக இருந்தால் தைராய்டு நலமாக உள்ளது என்று முடிவுசெய்யத் தொடங்கினர். பிட்யூட்டரி நலமாக இருக்கும்வரை இம்முடிவு சரியே. ஆனால் நோய் பிட்யூட்டரியிலேயே இருக்கும்போது அளவுகோலே பழுதுபட்டிருக்கிறது. தோலைத் தொட்டும் கேள்வி கேட்டும் பழைய மருத்துவர்கள் கண்டுகொண்ட நோயாளி, இயல்பான எண் அச்சிட்ட ஒரு தாளோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

இதிலும் ஒரு புதிர் ஒளிந்திருந்தது. பிட்யூட்டரி பழுதான பலரிடம் தூண்டி குறைந்திராமல் இயல்பாகவோ, சிறிது கூடுதலாகவோகூட இருந்தது. இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த பெக்-பெக்கோசும் சகாக்களும் 1985-இல் இதற்கு விளக்கம் தந்தனர். ஹைபோதலாமஸின் தூண்டல் கிடைக்காத பிட்யூட்டரி வெளியிடும் ஹார்மோன் அளவீட்டுக் கருவியில் ஹார்மோனாகவே பதிவாகிறது. ஆனால் தைராய்டின் ஏற்பியோடு சரியாகப் பிணைவதில்லை. அதனால் எண் இருக்கிறது, செயல் இல்லை. தைராக்சினையும் சேர்த்து அளக்காமல் இந்நோயைக் கண்டறிய இயலாது என்பது இதனால் உறுதியாயிற்று. சிகிச்சையின்போதும் மருந்தின் அளவைத் தூண்டியைக் கொண்டு முடிவுசெய்யாமல் இரத்தத்தில் கட்டற்று உலவும் தைராக்சினைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டியதாயிற்று.

பிறந்த குழந்தைகளின் விஷயத்தில் இதே சிக்கல் மேலும் கூர்மையாக வெளிப்பட்டது. கனடாவின் கியூபெக்கில் ஷான் டுஸ்ஸோ 1970-களின் தொடக்கத்தில் குதிகாலில் எடுத்த சொட்டு இரத்தத்தைத் தாளில் ஊறவைத்துத் தைராக்சினை அளந்தார். மூளை வளர்ச்சி குன்றுவதை முன்கூட்டியே தடுக்கும் இத்திட்டம் பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் பெரும்பாலான நாடுகள் தூண்டியை அளக்கும் முறைக்கு மாறியதால், பிட்யூட்டரி பழுதோடு பிறந்த குழந்தைகள் சல்லடையில் தங்காமல் நழுவினர். நெதர்லாந்தோ 1981-இல் தொடங்கிய தன் நாடளாவிய திட்டத்தில் தைராக்சினை முதலில் அளக்கும் முறையைக் கைவிடவில்லை. அதனால் அங்கு இத்தகைய குழந்தைகள் ஏறத்தாழ 16,000 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில் கண்டுபிடிக்கப்பட்டனர். இவர்களுள் பலருக்குக் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் குறைவாக இருப்பதால், தைராய்டு வழியே கிடைக்கும் இந்தத் தடயம் இரத்தச் சர்க்கரை வீழ்ச்சியால் நேரும் மரணத்தையும் தடுக்கிறது. தூண்டியை மட்டும் நம்பிய திட்டங்கள் செலவில் சிக்கனமானவை என்பது உண்மையே. ஆயினும் எந்தக் குழந்தைகளைக் கண்டுபிடிக்காமல் விடுவது என்பதையும் அச்சிக்கனம் சேர்த்தே முடிவுசெய்தது.

தெற்காசியாவில் இந்நோய்க்கு ஒரு தனி முகம் உண்டு. கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தம் உறைவதைக் குலைத்து, நாளங்களைச் சிதைத்து, பிட்யூட்டரியில் இரத்தக்கசிவையும் மடிவையும் உண்டாக்கக்கூடும். பர்மாவில் விரியன் கடித்துப் பிழைத்தவர்கள் பிற்காலத்தில் ஷீகன் நோயாளிகளைப் போலவே ஆவதை துன் பே என்பவரும் சகாக்களும் 1987-இல் விவரித்தனர். தென்னிந்தியாவிலிருந்தும் இத்தகைய நோயாளிகள் பற்றிய அறிக்கைகள் வெளிவந்துள்ளன. வயலில் கடிபட்டு, சிறுநீரகம் தேறி, வீடு திரும்பிய ஓர் ஆண் உழவருக்கு ஆண்டுகள் கழித்து மீசை உதிர்ந்து, குரல் தளர்ந்து, குளிர் தாங்காமல் போகும்போது பழைய பாம்புக்கடியை நினைவுகூர்ந்து கேட்கும் மருத்துவர் அமைவது அவருடைய நல்வாய்ப்பைப் பொறுத்தது.

ஷீகன் நோயோ இரத்த வங்கிகளும் மருத்துவமனைப் பிரசவமும் பரவிய நாடுகளில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆனால் காஷ்மீர் பள்ளத்தாக்கில் சர்கரும் சகாக்களும் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை பெற்ற இருபது வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வீட்டிலேயே பிரசவித்தவர்கள். பிரசவத்துக்கும் நோயறிதலுக்கும் இடையே பத்து, இருபது ஆண்டுகள் கடந்துவிடுவது இந்நோயில் வழக்கமே. பால் சுரக்காததைக் குடும்பம் ஒரு குறையாகப் பேசி மறந்துவிடுகிறது. மாதவிலக்கு நின்றதை முன்கூட்டியே வந்த முடிவு என்று எடுத்துக்கொள்கிறது. சோர்வை எவரும் நோயாகவே எண்ணுவதில்லை. கடைசியில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து, கார்ட்டிசால் இல்லாத உடல் மயங்கி விழும்போதுதான் பெரும்பாலும் உண்மை வெளிப்படுகிறது.

வளம் மிக்க நாடுகளில் இப்போது பிட்யூட்டரிக் கட்டிகளும், அவற்றுக்கான அறுவையும் கதிர்வீச்சும், தலைக் காயங்களுமே முதன்மைக் காரணங்கள். இவற்றோடு 2011-க்குப் பிறகு புதிய காரணம் ஒன்றும் சேர்ந்துள்ளது. புற்றுநோயை எதிர்த்துப் போரிட உடலின் நோயெதிர்ப்பாற்றலின் கடிவாளத்தைத் தளர்த்தும் இபிலிமுமாப் போன்ற மருந்துகள் சிலரிடம் பிட்யூட்டரியையே தாக்கி வீங்கச் செய்கின்றன. தலைவலியோடும் தளர்ச்சியோடும் வரும் அந்நோயாளிகளிடம் பல வேளைகளில் முதலில் தென்படும் மாற்றம் தைராக்சினும் தூண்டியும் ஒருசேரத் தாழ்வதே. அவர்களுக்குத் தைராக்சின் தொடங்குவதற்கு முன் கார்ட்டிசாலை அளந்து ஈடுசெய்ய வேண்டும் என்று இன்றைய வழிகாட்டு நெறிகள் வலியுறுத்துகின்றன. பாஸ்டனில் 1940-இல் எழுந்த அதே எச்சரிக்கை இப்போது புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர்களின் பாடத்திலும் இடம்பெற்றிருக்கிறது.